கடைசியாகப் பேசியது யார்?

மடிக்கணினியைப் பசார் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார் அந்த அம்மா. வெளியே நல்ல மழை. பின்னால் மகன் தலையைக் குனிந்தபடி நின்றான். போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு.

"அண்ணே, பட்டணத்துக் கடையில காட்டினேன். ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சாம். புதுசு போடணும், முந்நூறு வெள்ளிங்கிறான். உள்ள இருக்கிறதைக் காப்பாத்த முடியாதாம். இவன் பிராஜெக்ட் எல்லாம் அதுலதான் இருக்கு. நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

எங்கள் ஊரான புக்கிட் பெலண்டோக்கில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில் இல்லை. ஆனால் தாமானில் நாலு வீட்டுக்கு ஒருவராவது இப்படிப் பையோடு வந்துவிடுவார்கள். மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். நிறுவனத்தின் சின்னம் வந்தது, போனது. பிறகு கறுப்புத் திரை. மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி, அதன் கீழே 'கிரப்' என்ற ஒரே சொல், பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு. ஏதாவது சொல், கேட்கிறேன் என்பதுபோல.

எனக்குப் பாதி கவலை அப்போதே போய்விட்டது. செத்த ஹார்ட் டிஸ்க் இப்படிப் பேசாது.

"என்னடா தம்பி செஞ்ச?"

"ஒன்னும் செய்யல அங்கிள்."

எல்லோரும் சொல்வது இதைத்தான். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. தாங்கள் செய்ததற்கும் இந்தக் கறுப்புத் திரைக்கும் தொடர்பு இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தேநீர் வந்த பிறகு மெல்ல வாய் திறந்தான். புது விளையாட்டு ஒன்று போட இடம் போதவில்லை. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் பெயரே இல்லாத 60 கிகாபைட் பகுதி ஒன்று சும்மா கிடந்தது. யாருக்கும் வேண்டாத இடம் போலிருக்கிறதே என்று அழித்துவிட்டான். அந்தப் பெயரில்லாத இடம்தான் அவனுடைய உபுண்டு லினக்ஸ். விண்டோஸுக்கு லினக்ஸின் கோப்பு முறை புரியாது, அதனால் பெயர் போடாமல் காட்டுகிறது. பிராஜெக்ட் இருந்ததும் அங்கேதான்.

கணினி எப்படி விழிக்கிறது என்பதைச் சொல்ல எனக்குத் தோட்டத்துப் பிரட்டை விட்டால் வேறு உவமை தெரியாது. இந்த வட்டாரமெல்லாம் பால்மரமாக இருந்த காலத்தில் என் அப்பா தண்டல். விடியுமுன் வாட்ச்மேன் மணி அடிப்பார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மணிச் சத்தத்துக்கு லயங்களில் விளக்கு எரியும். பிரட்டுக் களத்தில் தண்டல் நின்று பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன நிரை என்று அனுப்புவார். கிராணி அதைச் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் குறிப்பார். அதன் பிறகுதான் மரம், உளி, மங்கு எல்லாம். தண்டல் ஒரு மரமும் வெட்டமாட்டார். ஆனால் அவர் வாய் திறக்காமல் அன்று ஒரு சொட்டுப் பாலும் இறங்காது.

கணினியிலும் இதே வரிசைதான். பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் குடியிருக்கும் சின்ன நிரல். பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ், இப்போது யூ.இ.எஃப்.ஐ. அது வாட்ச்மேன். நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, வட்டு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்துவிட்டு மணியை அடிக்கும். அதன் குரல் கேட்டு எழுவது பூட் லோடர். அது தண்டல். இன்று விண்டோஸா லினக்ஸா என்று பட்டியல் காட்டி, தேர்ந்ததை நினைவகத்துக்கு ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு ஓடுவதெல்லாம் இயங்குதளத்தின் வேலை.

தண்டலுக்குக் காய்ச்சல் என்றால் தோட்டத்து மரமெல்லாம் பட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கணினிக் கடையில் மட்டும் தினமும் சொல்கிறார்கள்.

இந்தச் சங்கிலிக்கு ஏன் இத்தனை கண்ணி? வட்டிலிருந்து ஒரு நிரலை எடுத்து நினைவகத்தில் வைக்க வேண்டுமென்றால், அதைச் செய்யவே ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் எடுத்து வைப்பது? கோழி, முட்டை கதைதான். 1975-இல் வந்த ஆல்டேர் 8800-இல் இதற்கு விடை மனித விரல். முகப்பில் வரிசையாக இருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, முதல் சில கட்டளைகளை ஒவ்வொரு எண்ணாகக் கையால் ஏற்ற வேண்டும். மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. காலணியின் பின்பட்டையைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கிலக் கேலியிலிருந்துதான் 'பூட்' என்ற பெயர் வந்தது.

1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அந்த விரல் வேலையைப் பயாஸ் எடுத்துக்கொண்டது. வட்டின் முதல் துண்டை, 512 பைட்டை, அப்படியே நினைவகத்தில் வைத்து ஓட்டும். இரண்டு ஆண்டில் ஹார்ட் டிஸ்க் வந்ததும் அந்த 512 பைட்டுக்குள் பாகப்பிரிவினை நடந்தது. வட்டில் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணைக்கு 64 பைட். நான்கு பகுதிக்கு மேல் இடமில்லை, தலைக்கு 16 பைட். கடைசி இரண்டு பைட் முத்திரை. மிச்சம் 446. பூட் லோடர் குடியிருக்க அவ்வளவுதான் இடம்.

446 பைட் எவ்வளவு என்று பார்க்க ஒருநாள் கணக்குப் போட்டேன். முதல் குறளை இணையத்தில் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் யூனிகோட் முறையில் சேமித்தால் ஏறத்தாழ 120 பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும், 'கு' என்றால் ஆறு. ஆக அந்தக் குறளை மூன்று முறை எழுதலாம், நாலாவது முறை எழுத இடம் போதாது. அந்த அளவுக்குள் வட்டைத் தேடி இயங்குதளத்தை எழுப்பும் நிரலை அடக்கியிருக்கிறார்கள். வள்ளுவருக்கே பிடித்திருக்கும்.

இடம் சின்னது, காவலும் இல்லை. 1986-இல் லாகூரில் மென்பொருள் விற்றுக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் நெகிழ்வட்டின் இந்த முதல் துண்டில்தான் குடியேறியது. உண்மையான பூட் துண்டைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்துக்குப் 'பழுது' என்று அடையாளம் போட்டுவிடும். தண்டலைக் கட்டிப்போட்டுவிட்டு அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு களத்தில் நிற்பது மாதிரி. அதற்குள் தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

இரண்டு இயங்குதளங்களை ஒரே வட்டில் வைத்தபோது இன்னொரு சிக்கல் முளைத்தது. தண்டல் நாற்காலி ஒன்று, உட்கார ஆள் இரண்டு. விண்டோஸை நிறுவினால் அது யாரையும் கேட்காமல் அந்த 446 பைட்டில் தன் ஆளை உட்கார வைக்கும். லினக்ஸ் உள்ளே பத்திரமாக இருக்கும், கூப்பிடத்தான் நாதி இராது. தொடக்க காலத்து லினக்ஸ்காரர்கள் லிலோ என்ற லோடரை வைத்துக்கொண்டு பட்ட பாடு வேறு. லிலோவுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. லினக்ஸின் கருவான கெர்னல் வட்டில் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு லிலோவிடம் சொல்ல மறந்தால், மறுநாள் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

1995-இல் எரிக் போலின் எழுதத் தொடங்கிய கிரப் இதை மாற்றியது. இது கோப்புகளைப் படிக்கத் தெரிந்த லோடர். பட்டியல் காட்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்லும். ஆனால் இவ்வளவு படித்தவர் 446 பைட்டில் எப்படி அடங்குவார்? அதனால் தலையை மட்டும் அங்கே வைத்துவிட்டு, உடம்பை முதல் துண்டுக்கும் முதல் பகுதிக்கும் நடுவே கிடந்த காலி இடத்தில் நீட்டிக்கொண்டது. பழைய வட்டுகளில் அந்த இடம் 31 கிலோபைட். எந்த அட்டவணையிலும் பதிவாகாத புறம்போக்கு. புறம்போக்கில் கொட்டகை போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? சில விண்டோஸ் மென்பொருள்கள் தங்கள் உரிமச் சாவியை ஒளித்து வைக்க அதே இடத்தைத் தேர்ந்தெடுத்தன. மென்பொருளைத் திறந்து மூடிய மறுநாள் கிரப் செத்துக் கிடக்கும். என்ன செய்தாய் என்றால், ஒன்றும் செய்யவில்லை என்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்த இரட்டை இயங்குதளம் ஒரு தலைமுறைக்கே வீடு தேடி வந்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் ஒன்றாகவே இருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இந்திய லினக்ஸ். முதல் ஆண்டுக்கு மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல் வாங்கத் திட்டம். அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குக் கணினி என்று கண்ட முதல் திரையே பட்டியல் போட்டு, எதை எழுப்பட்டும் என்று கேட்ட திரைதான். வேறெந்த நாட்டில் இத்தனை பள்ளிப் பிள்ளைகள் கையில் ஒரே மூச்சில் பூட் பட்டியலைக் கொடுத்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. அதைப் பழுதுபார்க்கவும் பாடம் வைத்திருக்கலாம்.

அந்த நாற்காலிச் சண்டைக்கு முடிவு கட்டியது யூ.இ.எஃப்.ஐ. இன்டெல் 1990-களின் கடைசியில் தன் ஐட்டேனியம் கணினிகளுக்காகத் தொடங்கிய வேலை, 2005-இல் பல நிறுவனங்களின் பொது அமைப்பு ஒன்றின் கைக்கு வந்தது. இதில் 446 பைட் நெருக்கடி இல்லை. வட்டில் இ.எஸ்.பி. என்று தனியாகச் சிறு பகுதி உண்டு, பெரும்பாலும் 100 மெகாபைட்டிலிருந்து தொடங்கும். அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு உறை, உபுண்டுவுக்கு ஒரு உறை. இரண்டு தண்டல்களும் ஆளுக்கொரு அறையில் இருந்துகொள்ளலாம். யாரை முதலில் கூப்பிடுவது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் அழியா நினைவகத்தில் எழுதியிருக்கும். விண்டோஸ் நேராகத் திறந்து, லினக்ஸ் பட்டியலே வராமல் போனால் பெரும்பாலும் யாரும் யாரையும் அழிக்கவில்லை, வரிசை மாறியிருக்கிறது. மதர்போர்டு அமைப்புக்குள் போய் உபுண்டுவை மேலே ஏற்றினால் முடிந்தது.

ஆகவே பழுது பார்க்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: திரையில் கடைசியாகப் பேசியது யார்? சங்கிலியில் அவர் வரைக்கும் எல்லாம் சரி. அவருக்கு அடுத்தவரிடம்தான் கோளாறு.

திரையில் ஒன்றுமே வரவில்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது என்றால் வாட்ச்மேனே எழவில்லை. அது மின்சாரம், நினைவகம், மதர்போர்டு சங்கதி. லினக்ஸை மறுபடி நிறுவி என்ன பயன்? 'பூட் செய்ய வட்டு எதுவும் இல்லை' என்று வந்தால் பேசுவது வாட்ச்மேன். அவர் விழித்துவிட்டார், தண்டலைக் காணவில்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது, மதர்போர்டு அமைப்பில் வட்டின் பெயராவது தெரிகிறதா என்பதை. தெரியாவிட்டால் கேபிளோ வட்டோ போயிருக்கலாம், கடைக்காரர் சொன்னது அப்போது சரி. தெரிந்தால், வரிசையோ இ.எஸ்.பி. பகுதியோ கெட்டிருக்கிறது.

பட்டியல் வருகிறது, அதில் விண்டோஸ் மட்டும் காணோம் என்று ஒரு வகை. இதற்குப் பயந்து விண்டோஸை மறுபடி நிறுவியவர்களை எனக்குத் தெரியும். 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து, பக்கத்து இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் ஓ.எஸ். புரோபர் என்ற வேலையை இயல்பாகவே நிறுத்தி வைத்துவிட்டார்கள், பாதுகாப்புக் காரணம் சொல்லி. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து 'அப்டேட் கிரப்' கொடுத்தால் விண்டோஸ் பட்டியலுக்குத் திரும்பும். பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு ஏதேதோ ஓடி நடுவில் நிற்கிறது என்றால், தண்டல் தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். நிரையில் ஏதோ நடந்திருக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவராக இருக்கலாம், கோப்பு முறையாக இருக்கலாம். அதற்கு கிரப்பை நோண்டக் கூடாது.

லினக்ஸைப் பழைய பயாஸ் முறையிலும் விண்டோஸை யூ.இ.எஃப்.ஐ. முறையிலும் நிறுவி வைத்துவிட்டு, ஏன் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. ஒருவர் மணிச் சத்தத்துக்கு எழுகிறவர், மற்றவர் சங்குச் சத்தத்துக்கு. ஒரே பிரட்டில் எப்படி நிற்பார்கள்?

நோயை அறியாமல் மருந்து கொடுப்பதைப் பற்றிப் பேச புக்கிட் பெலண்டோக்கைவிடத் தகுந்த ஊர் கிடையாது. உயிர் போன கதையை ஒரு மடிக்கணினியோடு சேர்த்து வைக்கக் கூடாதுதான். ஆனால் பழுது கண்டறிதல் என்று யார் பேசினாலும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் தொடங்கிய மூளைக் காய்ச்சல் இங்கே பன்றிப் பண்ணைகளுக்கு வந்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் முடிவு கட்டினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசுவுக்குப் பண்ணைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்ற பேதம் ஏது? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் பாதை மாறியது. நோயாளியின் ஊரான சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அந்த வைரஸுக்கு வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். அந்தப் பண்ணைகள் திரும்ப வரவே இல்லை. எது பொருந்தவில்லை என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டதால்தான் அது நின்றது.

கணினிக்கு வருவோம். பொருந்தாத அறிகுறிக்கு நல்ல உதாரணம் 2024 ஆகஸ்ட். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த பல கணினிகளில் விண்டோஸ் நன்றாக ஓடியது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் மட்டும், ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது, எஸ்பாட் சோதனையில் தேறவில்லை என்று ஒரு வரி வந்து சில விநாடிகளில் அணைந்துவிடும். பலர் லினக்ஸ் கெட்டுவிட்டது என்று மறுபடி நிறுவினார்கள். பழைய நிறுவல் வட்டும் அதே வரியைச் சொல்லி அணைந்தது.

பேசியது யார்? அங்கேதான் விடை. பேசியது லினக்ஸ் அல்ல, கிரப்பும் அல்ல. இருவருக்கும் முன்னால் வாசலில் நிற்கும் ஷிம் என்ற சின்ன நிரல். 2012-இல் விண்டோஸ் 8-உடன் செக்யூர் பூட் பரவலானபோது, மைக்ரோசாஃப்ட் கையெழுத்து இல்லாத எந்த லோடரையும் மதர்போர்டு உள்ளே விடாது என்ற நிலை வந்தது. அதைக் கடக்க மேத்யூ காரெட் முதலியோர் செய்த ஏற்பாடு இது: ஷிம்முக்கு மட்டும் மைக்ரோசாஃப்டின் கையெழுத்து, கிரப்பை ஷிம் சோதித்துக்கொள்ளும். பிரச்சினை அதன் பிறகு வந்தது. 2020-இல் 'பூட்ஹோல்' என்ற ஓட்டை கிரப்பில் தெரியவந்தது. ஓட்டை உள்ள பழைய லோடர்களையெல்லாம் தடைப் பட்டியலில் ஒவ்வொன்றாக எழுதினால், அந்தப் பட்டியலுக்கு மதர்போர்டில் ஒதுக்கிய 32 கிலோபைட்டில் 10 கிலோபைட் ஒரே வீச்சில் தீர்ந்தது. இப்படியே போனால் இன்னும் இரண்டு ஓட்டைக்குத்தான் இடம். அதனால் ஆள் ஆளாகத் தடை செய்யாமல், இன்ன தலைமுறைக்கு முந்தைய லோடர் எதுவும் வேண்டாம் என்று ஒரே எண்ணால் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் எஸ்பாட். கெட்டிக்கார யோசனை.

2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு அந்த எண்ணை உயர்த்தியது. இரட்டை இயங்குதளக் கணினிகளில் இது செயல்படாது என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் இரட்டை என்று கண்டுபிடிக்கும் சோதனை எல்லா அமைப்புகளையும் கண்டுகொள்ளவில்லை. பழைய ஷிம், பழைய கிரப் வைத்திருந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். மருந்து எளிது: செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் கட்டளையால் அந்த எஸ்பாட் கொள்கையை நீக்கி, லோடரைப் புதுப்பித்து, செக்யூர் பூட்டை மறுபடி இயக்குவது. மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்தில் முழுமையாகச் சரிசெய்தது 2025 மே மாதப் புதுப்பிப்பில்.

ஆனால் மதர்போர்டு அமைப்பில் கை வைக்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போட்டிருக்கும். செக்யூர் பூட்டை நிறுத்தினால், யாரோ திருட வந்திருக்கிறார்கள் என்று அது நினைத்து 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள். பூட் லோடர் கோளாறில் தரவை இழந்தவர்களைவிட, கோளாறைச் சரிசெய்யப் போய்ச் சாவி தெரியாமல் இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்போது மேசை மேல் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் கணினி. பேசியது கிரப். வாட்ச்மேன் எழுந்துவிட்டார், தண்டலும் எழுந்துவிட்டார், கையில் செக்ரோல் மட்டும் இல்லை. கிரப்பின் தலை இ.எஸ்.பி. பகுதியில் இருக்கிறது. பையன் அதைத் தொடவில்லை. பட்டியலும் மற்றதும் இருந்தது உபுண்டு பகுதியில், அதைத்தான் அழித்தான். ஒவ்வொரு பகுதிக்கும் யூ.யூ.ஐ.டி. என்று நீளமான அடையாள எண் உண்டு. கிரப்பிடம் இருப்பது அந்த எண் மட்டும். லயத்தை இடித்துச் செம்பனை நட்ட பிறகும் பழைய லயத்து எண்ணை எழுதி வரும் கடிதத்தைத் தபால்காரர் கையில் வைத்துக்கொண்டு நிற்பாரே, அப்படி நிற்கிறது.

"எக்ஸிட்னு அடிச்சு என்டர் தட்டு" என்றேன். தட்டினான். கிரப் விலகிக்கொண்டது. வரிசையில் அடுத்த ஆளை மதர்போர்டு கூப்பிட்டது. இரண்டு விநாடியில் விண்டோஸ் சின்னம் சுழன்றது.

"செத்துப்போச்சுன்னாங்களே!" என்றார் அம்மா. நான் கடைக்காரருக்காகப் பரிந்து பேசவில்லை.

எல்லாக் கணினியிலும் 'எக்ஸிட்' இப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லமுடியாது. சில மாதிரிகளில் தொடக்கத்திலேயே எஃப் 12-ஐயோ எஃப் 9-ஐயோ தட்டி விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பையன் முகம் இன்னும் தெளியவில்லை. விண்டோஸ் வந்தால் போதுமா, பிராஜெக்ட்?

அழித்த பிறகு அந்த இடத்தில் ஏதாவது எழுதினாயா என்று கேட்டேன். இல்லை, அழித்ததும் கணினியை மறுபடி தொடங்கினான், அப்போதே இந்தத் திரை வந்துவிட்டது. நல்ல காலம். பகுதியை அழிப்பது என்றால் அட்டவணையில் அதன் வரியை அடிப்பது. நிலம் அங்கேயேதான் இருக்கிறது, பட்டாவில்தான் பெயர் இல்லை. அது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்ததும் அதிர்ஷ்டம். எஸ்.எஸ்.டி. வட்டாக இருந்தால், வேண்டாத இடம் என்று இயங்குதளம் சொன்னதைக் கேட்டு வட்டே உள்ளுக்குள் துடைத்துவிடக்கூடும்.

யூ.எஸ்.பி. விரலியில் இருந்த உபுண்டுவிலிருந்து கணினியைத் தொடங்கினோம். கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரல் வட்டு முழுவதும் நடந்து, எங்கெங்கே பகுதி தொடங்கிய தடயம் இருக்கிறது என்று பார்க்கும். முக்கால் மணி நேரம். மழை விட்டது. அம்மா இரண்டாவது முறை தேநீர் குடித்தார். பட்டியலில் 60 கிகாபைட் லினக்ஸ் பகுதி ஒன்று தோன்றியது. உள்ளே என்ன இருக்கிறது என்று கோப்புகளைக் காட்டச் சொன்னேன். பையன் திரைக்கு மூக்கைக் கொண்டுபோய், "அதான் அங்கிள், அதான் போல்டர்" என்றான். அட்டவணையில் எழுதுவதற்கு முன் அந்த உறையை வேறொரு விரலிக்கு நகலெடுத்தோம். இந்த வரிசை முக்கியம். முதலில் பிள்ளையை வெளியே தூக்குங்கள், கூரையைப் பிறகு சரிசெய்யலாம்.

பிறகு அட்டவணையில் வரியை எழுதி மறுபடி தொடங்கினோம். கிரப்பை மறுபடி நிறுவத் தயாராகவே இருந்தேன். தேவைப்படவில்லை. அந்த நீள எண் உபுண்டு பகுதிக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பது, அட்டவணையில் அல்ல. நிலம் பட்டாவுக்குத் திரும்பியதும் கிரப் அந்த எண்ணை அடையாளம் கண்டுகொண்டது. நான்கு வரிப் பட்டியல் வந்து நின்றது. முதல் வரி உபுண்டு, மூன்றாவது வரி விண்டோஸ்.

இரண்டையும் திறந்து பார்த்தோம். விண்டோஸ் வந்ததும் அம்மா திரையின் மூலையைக் காட்டினார். "இதென்னண்ணே, மணி ரெண்டுங்குது? இதுவும் கெட்டுப்போச்சா?"

இரவு பத்து ஆகியிருந்தது. மதர்போர்டுக் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். மலேசியாவில் அந்த வித்தியாசம் எட்டு மணி நேரம். தமிழ்நாட்டில் ஐந்தரை. 1982-க்கு முன்னால் தீபகற்ப மலேசியாவுக்கும் பொது நேரத்துக்கும் வித்தியாசம் சரியாக ஏழரை. அப்போது இந்தக் கணினி இருந்திருந்தால் அம்மாவிடம் அந்த எண்ணைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

"கெடலம்மா. ரெண்டு பேரும் ஒரே கடிகாரத்தை வேற வேறயா படிக்கிறாங்க. இவனே சரி பண்ணிடுவான்." லினக்ஸில் கொடுக்க வேண்டிய ஒற்றைக் கட்டளையை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பையனிடம் கொடுத்தேன். அதை மடித்துக் கைப்பேசி உறைக்குள் செருகிக்கொண்டான். மடிக்கணினி மறுபடி பசார் பைக்குள் போனது.